அஃபிலியேட் பார்ட்னர்கள் நிலைக்க வேண்டுமா? முதலில் கணக்கைச் சரிசெய்யுங்கள்

உங்கள் பொருளைப் பரிந்துரைத்து, தங்கள் லிங்க் வழியாக வாடிக்கையாளரை அனுப்பும் பார்ட்னர்களுக்கு விற்பனையில் பங்கு தருவதுதான் அஃபிலியேட் திட்டம். அதைத் தொடங்குவது இன்று அரை நாள் வேலை. ஏதாவது ஒரு மென்பொருளில் கணக்குத் திறந்து, கமிஷன் விகிதத்தைப் போட்டு, "எங்களோடு சேர்ந்து சம்பாதியுங்கள்" என்று ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டால் முடிந்தது. பதிவுகளும் வரத் தொடங்கும். சில மாதம் கழித்துப் பட்டியலைத் திறந்தால்தான் நிலவரம் தெரியும். பதிவு செய்தவர்களில் பலர் ஒரு லிங்க்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். நன்றாக விற்றுக்கொடுத்த இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் போட்டியாளர் பக்கம் போயிருப்பார்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் கமிஷனை ஏற்றிப் பார்க்கிறார்கள், போட்டி வைத்துப் பரிசு அறிவிக்கிறார்கள், வாழ்த்துச் செய்தி அனுப்புகிறார்கள். நான் பார்த்தவரை, நல்ல பார்ட்னர் விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. தான் அனுப்பிய விற்பனை சரியாக எண்ணப்படுகிறதா என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும். உங்கள் கணக்குப் புத்தகத்தை அவரால் திறந்து பார்க்க முடியாது. நீங்கள் காட்டுகிற எண்ணை நம்பியே ஆக வேண்டும்.

இந்த முறை வலைத்தளங்கள் பரவத் தொடங்கிய காலத்திலேயே வந்தது. இசை ஆல்பங்கள் விற்ற சிடிநவ் என்ற தளம் 1994-இல் இதைத் தொடங்கியது. அமேசான் 1996 ஜூலையில் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் திறந்தது. அன்றும் இன்றும் ஏற்பாடு ஒன்றுதான்: வாசகரை அனுப்பு, அவர் வாங்கினால் பங்கு தருகிறேன். விற்பவருக்கு இதில் ரிஸ்க் குறைவு. பார்ட்னர்தான் கட்டுரை எழுதி, வீடியோ எடுத்து, தன் வாசகர்களிடம் தன் பெயரை அடகு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். வேலையை முன்னால் செய்துவிட்டுப் பணத்துக்குப் பின்னால் காத்திருப்பவரிடம் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்பதைத்தான் இனி படிப்படியாகச் சொல்கிறேன். பொருளோ சேவையோ விற்றுக்கொண்டு, முதல்முறையாகப் பார்ட்னர்களைச் சேர்க்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: நீங்களே முதல் பார்ட்னராக இருந்து பாருங்கள்

யாரையும் அழைப்பதற்கு முன், வேறொரு இமெயிலில் உங்கள் திட்டத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். படிவம் எத்தனை கேள்வி கேட்கிறது, ஒப்புதல் வர எவ்வளவு நேரமாகிறது, லிங்கை எங்கே தேட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். பிறகு அந்த லிங்கைக் கிளிக் செய்து உண்மையாகவே பணம் கட்டி ஒரு பொருள் வாங்குங்கள்.

ஒருமுறை வாங்கினால் போதாது. போனில் கிளிக் செய்து கணினியில் வாங்கினால் என்ன ஆகிறது? இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் தொடங்கி, பிறகு வழக்கமான பிரவுசருக்கு மாறினால்? உங்கள் ஆப்பில் வாங்கினால்? கூப்பன் போட்டால்? இரண்டு பொருள் வாங்கி ஒன்றைத் திருப்பி அனுப்பினால்? ஒவ்வொன்றுக்கும் டேஷ்போர்டு, அதாவது பார்ட்னர் தன் எண்களைப் பார்க்கும் பக்கம், என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள்.

சிலவற்றில் விற்பனை பதிவாகாது. எந்த விற்பனை யார் லிங்கிலிருந்து வந்தது என்று கண்டறிவதைத்தான் டிராக்கிங் என்கிறோம். எல்லா விற்பனையையும் பிடிக்கிற டிராக்கிங் எங்கும் இல்லை. பெரும்பாலும் அது குக்கீயை, அதாவது பிரவுசரில் சேமிக்கப்படும் ஒரு சிறு குறிப்பை நம்பி நடக்கிறது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது பார்க்கிற தளம் அல்லாத வேறு தளங்கள் வைக்கும் குக்கீகளை, முழுவதுமாகத் தடுக்கிறது. தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீகளையும் 7 நாளுக்குள் அழித்துவிடுகிறது. "எங்கள் குக்கீ 60 நாள்" என்று நீங்கள் அறிவித்திருந்தாலும், ஐபோனில் கிளிக் செய்தவர் பத்தாம் நாள் வந்து வாங்கினால் பார்ட்னருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். இதற்கு மாற்று, குக்கீயை மட்டும் நம்பாமல் சர்வரிலிருந்து சர்வருக்குத் தகவல் அனுப்புவது. கிளிக் நடக்கும்போதே ஓர் அடையாள எண் உருவாகி, அது ஆர்டரோடு உங்கள் தரவுத்தளத்தில் பதிவாகும். விற்பனை முடிந்ததும் உங்கள் சர்வர் அந்த எண்ணை டிராக்கிங் மென்பொருளுக்குச் சொல்லிவிடும். இந்த வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. இணைக்க ஒரு டெவலப்பரின் உதவி தேவைப்படலாம். செலவானாலும் இதை முதலிலேயே செய்யுங்கள்.

கமிஷன் கணக்கையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பு, அனுப்பும் செலவு, பேமென்ட் கட்டணம், ரிட்டர்ன் இழப்பு எல்லாம் போக 30 மிஞ்சுகிறது. அதில் 25-ஐக் கமிஷனாக அறிவித்துவிட்டு ஆறு மாதத்தில் 10-க்கு இறக்குவதைவிட, கையைக் கடிக்காத 12-இல் தொடங்கி அங்கேயே நிற்பது நல்லது. இறக்கப்பட்ட கமிஷனைப் பார்ட்னர்கள் மறக்க மாட்டார்கள்.

விகிதம் குறைவாக இருக்கிறதே என்று கூச்சப்படவும் வேண்டாம். அனுபவமுள்ள பார்ட்னர் விகிதத்தைப் பார்ப்பதில்லை, தான் அனுப்பும் நூறு கிளிக்குக்கு என்ன வருகிறது என்று பார்க்கிறார். ஒரே விலை 100 உள்ள இரண்டு பொருள்கள். ஒன்றுக்குக் கமிஷன் 20 சதவீதம், நூறு கிளிக்கில் ஒருவர் வாங்குகிறார். பார்ட்னருக்கு 20 கிடைக்கும். இன்னொன்றுக்கு 8 சதவீதம்தான், ஆனால் நூறு கிளிக்கில் நான்கு பேர் வாங்குகிறார்கள். அவருக்கு 32. உங்கள் விற்பனைப் பக்கத்தைச் சரிசெய்வதும் பார்ட்னருக்குச் சம்பளம் ஏற்றுவதுதான்.

படி 2: விதிகளை ஒரு பக்கத்தில், பேசுகிற மொழியில் எழுதுங்கள்

வக்கீல் எழுதிய ஒப்பந்தம் இருக்கட்டும். அதோடு ஒரு பக்கத்தில் எளிய குறிப்பும் வேண்டும். எந்த விற்பனைக்குக் கமிஷன் உண்டு, எதற்கு இல்லை, வரியும் அனுப்பும் செலவும் போகவா சேர்த்தா, கிளிக்குக்குப் பின் எத்தனை நாள் வரை கணக்கு, எந்தத் தேதியில் பணம், குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் பணம், பழைய வாடிக்கையாளர் திரும்ப வாங்கினால் உண்டா. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பிராண்ட் பெயரைத் தேடுபொறியில் விலைகொடுத்து வாங்கி விளம்பரம் செய்யலாமா? உங்கள் பெயரை ஓர் எழுத்து மாற்றி டொமைன் வாங்கலாமா? தன் லிங்கில் தானே வாங்கலாமா? முன்பே தடை சொல்லாமல், நடந்தபின் கமிஷனை மறுத்தால் அது தண்டனையாகத் தெரியும். முன்பே எழுதி வைத்திருந்தால் அது வெறும் விதி.

படி 3: குறைவாக அழையுங்கள், தேடி அழையுங்கள்

ஆயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். உங்கள் வாடிக்கையாளர்கள் வாங்குவதற்கு முன் எதைப் படித்தார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆர்டர் முடிந்த பக்கத்தில் "எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். அந்தப் பெயர்கள்தான் உங்கள் முதல் பட்டியல். அடுத்த பட்டியல், ஏற்கெனவே உங்கள் பொருளை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டே அந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அல்லது வீடியோ போடுகிறவர்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கையை நான் மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். ஐந்தாயிரம் பேர் படிக்கிற, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதுகிற ஒருவர், லட்சம் பேர் கடந்துபோகிற ஒருவரைவிட அதிகம் விற்றுக்கொடுப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான்.

முதல் கடிதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது:

"வணக்கம். உங்கள் உள்ளடக்கம் அருமை. எங்கள் முன்னணி நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் இணைந்து வரம்பில்லாமல் சம்பாதிக்க உங்களை அழைக்கிறோம். கீழே உள்ள லிங்கைக் கிளிக் செய்யவும்."

அவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்றுகூட இதில் இல்லை. கேமரா பைகள் விற்கிற ஒருவர் இதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம். மழையில் படமெடுப்பது பற்றிய உங்கள் வீடியோவில் பையின் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி லென்ஸ் நனைந்ததைக் காட்டியிருந்தீர்கள். நாங்கள் செய்யும் பையில் ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு உண்டு. அது போதுமா என்று உங்கள் கையால் சோதித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். பை அனுப்புகிறேன், திருப்பித் தர வேண்டாம். வீடியோ போட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பிடித்திருந்தால் எங்கள் அஃபிலியேட் திட்டம் பற்றிப் பேசுவோம்: 12 சதவீதம், கிளிக்கிலிருந்து 45 நாள், ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி பணம்."

இரண்டாவதை எழுத இருபது நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று கடிதம்தான் எழுத முடியும். மூன்றே போதும். பொருளில் குறை இருக்கிறது என்று அவர் பதில் எழுதினாலும் அது நல்ல தொடக்கம்தான். குறையைச் சரிசெய்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 4: முதல் விற்பனைவரை கூடவே இருங்கள்

பதிவு செய்து ஒரு லிங்க்கூடப் போடாதவர்கள் எல்லோரும் ஆர்வமில்லாதவர்கள் அல்ல. எதைப் பற்றி எழுதுவது, எந்தப் பொருளில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஒப்புதல் கொடுத்த அன்றே அவர் பெயர் சொல்லி ஓர் இமெயில் போக வேண்டும். அதில் அவர் வாசகர்களுக்குப் பொருந்தும் இரண்டு பொருள்கள், அவற்றுக்கு நேராகப் போகும் லிங்க், வாங்குவதற்கு முன் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் ஐந்து கேள்விகளும் அவற்றுக்கு உண்மையான பதில்களும் இருக்கட்டும். முகப்புப் பக்கத்தின் லிங்கை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். முகப்பில் இறங்கிய வாசகர் பொருளைத் தேடிக் களைத்துப்போவார்.

பேனர் படங்களைவிட இந்தக் கேள்விகள்தான் பார்ட்னருக்குப் பயன்படும். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் தினமும் வருகிற கேள்விகள் உங்களிடம் மட்டும் இருக்கும் சரக்கு. "இந்தப் பையில் 15 அங்குல லேப்டாப் நுழையுமா?" என்று வாரம் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்றால், அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று பார்ட்னருக்குச் சொல்லுங்கள். எந்தப் பொருள் அதிகம் திரும்பி வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பரிந்துரைத்து அவர் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு வாரத்தில் கிளிக் வந்தும் விற்பனை வரவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள்: "உங்கள் பக்கத்திலிருந்து 140 பேர் வந்தார்கள், யாரும் வாங்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் போனில் வந்திருக்கிறார்கள், விலைப் பகுதிவரை போகவில்லை. எங்கள் பக்கம் போனில் மெதுவாகத் திறக்கிறதா என்று பார்க்கிறோம்." கோளாறு உங்கள் பக்கமாகவும் இருக்கலாம் என்று தேடிப் பார்த்ததே அவருக்குப் பெரிய விஷயம். முதல் விற்பனை வந்ததும் அன்றே தெரிவியுங்கள். தானாகப் போகும் அறிவிப்போடு உங்கள் கைப்பட ஒரு வரியும் சேரட்டும்.

படி 5: பணம்

இந்தப் படியில் தவறினால் மற்ற எதுவும் உதவாது.

சொன்ன தேதியில் பணம் போக வேண்டும். தேதி விடுமுறையில் வந்தால் முந்தைய நாளே அனுப்புங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே காரணத்தையும் புதிய தேதியையும் சொல்லிவிடுங்கள். தேதி கடந்தபின் அவர் கேட்டு, அதற்கு நீங்கள் பதில் சொல்வது வேறு கதை. பார்ட்னர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். பணம் பிந்துகிற செய்தி வேகமாகப் பரவும்.

கமிஷன் உடனே கைக்கு வராது என்பதைப் புதிய பார்ட்னருக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்ப 30 நாள் அவகாசம் இருந்தால், அதுவரை கமிஷன் நிலுவையில் இருக்கும். அதன் பிறகுதான் உறுதியாகும். இந்த நிலுவைக் காலத்தில்தான் சண்டைகள் முளைக்கின்றன. பார்ட்னர் ஒரு நாள் இப்படி எழுதுவார்: "நேற்றுவரை 14 ஆர்டர் காட்டியது. இன்று 11. மூன்று எங்கே போயின?"

"எங்கள் விதிமுறைப்படி சில ஆர்டர்கள் ரத்து செய்யப்பட்டுள்ளன" என்று பதில் போட்டால் அவர் மனத்தில் சந்தேகம் விழுந்துவிடும். பதில் இப்படி இருக்க வேண்டும்:

"பார்த்துவிட்டேன். மூன்றில் ஒன்று 6-ஆம் தேதி ஆர்டர், நாங்கள் பொருளை அனுப்பும் முன்பே வாடிக்கையாளர் ரத்து செய்தார். இரண்டாவது 9-ஆம் தேதி ஆர்டர், நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது 11-ஆம் தேதி ஆர்டரை எங்கள் மென்பொருள் ஒரே ஆள் இருமுறை வாங்கியதாகத் தவறாக எடுத்துக்கொண்டது. அவை வெவ்வேறு ஆர்டர்கள்தான். அதை மீண்டும் சேர்த்துவிட்டோம், இன்று மாலைக்குள் 12 என்று காட்டும்."

வாடிக்கையாளரின் பெயரோ முகவரியோ இதில் இல்லை, இருக்கவும் கூடாது. தேதியும் காரணமும் போதும். இவ்வளவு விவரம் கையில் இருக்க வேண்டுமென்றால், ரத்து செய்யும் ஒவ்வொரு கமிஷனுக்கும் காரணத்தைப் பதிவு செய்யும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். பல மென்பொருள்களில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடுவதுதான் வழக்கம். நீங்கள் விடாதீர்கள். யாரும் கேட்பதற்கு முன்பே, மாதக் கணக்கோடு ரத்துப் பட்டியலையும் அனுப்புங்கள்.

டிராக்கிங் ஒரு நாள் நின்றுபோவதும் நடக்கும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பணம் கட்டும் பக்கத்திலிருந்த குறியீடு விட்டுப்போயிருக்கும். அப்போது நடந்த விற்பனைகள் உங்கள் கணக்கில் இருக்கும், பார்ட்னர் கணக்கில் இருக்காது. கண்டுபிடித்த அன்றே எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்த நாளில் யார் எவ்வளவு கிளிக் அனுப்பினார்கள் என்று பார்த்து, அவரவருடைய முந்தைய வாரச் சராசரிப்படி கமிஷனைக் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். தினமும் எண்ணைப் பார்க்கிற பார்ட்னருக்கு ஒரு நாள் பூஜ்யம் காட்டினால் தெரியாமல் போகாது.

படி 6: கடைசி கிளிக் யாருடையது?

பெரும்பாலான திட்டங்களில் வாங்குவதற்கு முன் கடைசியாக யாருடைய லிங்கில் கிளிக் விழுந்ததோ அவருக்கே முழுக் கமிஷன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் மூன்று நாள் உழைத்து ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுகிறார். வாசகர் அதைப் படித்து, உங்கள் தளத்துக்கு வந்து, பொருளைக் கார்ட்டில் போடுகிறார். பணம் கட்டும் பக்கத்தில் "கூப்பன் கோடு" என்ற கட்டத்தைப் பார்க்கிறார். இன்னொரு டேப் திறந்து கூப்பன் தேடுகிறார். ஏதோ ஒரு கூப்பன் தளத்தில் கிளிக் செய்கிறார். அங்கிருந்த கோடு வேலை செய்யவே இல்லை என்றாலும் கமிஷன் அந்தத் தளத்துக்குப் போய்விடுகிறது.

2024 டிசம்பரில் இது பெரிய சர்ச்சையானது. ஆன்லைன் பேமென்ட் நிறுவனமான பேபாலுக்குச் சொந்தமான ஹனி என்ற கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்), வாங்கும் கடைசி நேரத்தில் மற்றவர்களின் அஃபிலியேட் அடையாளத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்று ஒரு யூடியூப் வீடியோ குற்றம்சாட்டியது. யூடியூபர்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் கூகுள், குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றியது. பயனருக்கு நேரடியான பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் லிங்கையோ கோடையோ செருகக் கூடாது என்றது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் சேரும் முன்பே இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பதிலோடு தயாராக இருங்கள்.

உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. கூப்பன் தளங்களுக்குத் தனிப் பிரிவு வைத்துக் குறைந்த கமிஷன் நிர்ணயிக்கலாம். எழுதுகிற பார்ட்னர் ஒருவரின் கிளிக் ஏற்கெனவே இருந்தால், பின்னால் வரும் கூப்பன் கிளிக் அதை அழிக்காதபடி மென்பொருளில் அமைக்கலாம். முக்கியமான பார்ட்னருக்கு அவர் பெயரிலேயே ஒரு கூப்பன் கோடு கொடுத்து, அதை யார் போட்டாலும் விற்பனை அவருக்கே போகும்படி செய்யலாம். இந்தக் கடைசி வழி பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். கேட்பவர்கள் லிங்கைக் கிளிக் செய்வதில்லை, கோடைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோடு கூப்பன் தளங்களுக்குக் கசிந்தால் உடனே மாற்றிக்கொடுங்கள்.

கூப்பன் தளங்களே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. அவையும் சரக்கை நகர்த்துகின்றன. அடுத்தவர் கொண்டுவந்த வாடிக்கையாளருக்கான கூலி அவற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை.

படி 7: "இது அஃபிலியேட் லிங்க்" என்று சொல்லவைப்பது

கமிஷன் வாங்குவதைப் பார்ட்னர் தன் வாசகருக்குச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் இது சட்டம் அல்லது விளம்பரத் துறையின் விதி. சொல்லாமல் விட்டது பார்ட்னர்தானே, எனக்கென்ன என்று நினைக்க முடியாது. கிட்டார் கற்பிக்கும் டிவிடிகள் விற்ற லெகசி லேர்னிங் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் 2011-இல் நடவடிக்கை எடுத்தது. அஃபிலியேட்கள் சாதாரண வாடிக்கையாளர் போலவும் நடுநிலை விமர்சகர் போலவும் எழுதினார்கள் என்பது புகார். நிறுவனம் 2,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதிகம் விற்றுத்தரும் 50 அஃபிலியேட்களைக் கண்காணித்து மாதாமாதம் அறிக்கை தரவும் வேண்டியிருந்தது.

சிறிய திட்டத்துக்கு இதில் செய்ய வேண்டியது அதிகமில்லை. என்ன வாசகம் போட வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு விலை ஏறாது." அது லிங்குக்கு மேலேயே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வீடியோ என்றால் வாயாலும் சொல்வது நல்லது. வலைத்தளத்தில் எழுதுகிறவர்களிடம் லிங்கின் HTML குறியீட்டில் 'ஸ்பான்சர்ட்' குறியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விளம்பர லிங்குகளுக்காகவே கூகுள் 2019-இல் கொண்டுவந்த குறி அது. மாதம் ஒருமுறை முக்கியமான பார்ட்னர்களின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். வாசகம் விட்டுப்போயிருந்தால் மிரட்டாமல், எந்தப் பக்கத்தில் எங்கே என்று ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டுங்கள்.

குறையைச் சொல்லும் விமர்சனத்தை நீக்கச் சொல்லி மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். தகவல் தவறாக இருந்தால் திருத்தம் கேட்கலாம். அபிப்பிராயம் அவருடையது. "இந்தப் பையில் பக்கவாட்டுப் பாக்கெட் சிறியது" என்று எழுதிய கட்டுரையை வாசகர் நம்புகிறார், நம்புவதால் வாங்குகிறார்.

படி 8: மாற்றம் வருவதற்கு முன் சொல்லுங்கள்

அமேசான் 2020 ஏப்ரல் நடுவில் அறிவித்து, ஏப்ரல் 21 முதல் பல பிரிவுகளின் கமிஷனை இறக்கியது. வீட்டுச் சாமான் பிரிவில் 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. ஒரு வார அவகாசத்தில் பல வலைத்தளங்களின் வருமானக் கணக்கே மாறிப்போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தை விட்டுப் பலரால் போக முடியாது. உங்களை விட்டுப் போவது எளிது.

கமிஷனைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் குறைந்தது 30 நாள் முன்பு சொல்லுங்கள், முடிந்தால் 60. ஏன் என்பதையும் எண்ணோடு சொல்லுங்கள்: மூலப்பொருள் விலை இவ்வளவு ஏறியது, ஒரு பொருளில் மிஞ்சுவது இவ்வளவு ஆனது. முக்கியமானவர்களுக்குப் பொது இமெயில் போகும் முன் போனில் பேசிவிடுங்கள். அறிவிப்புத் தேதிக்கு முன் நடந்த கிளிக்குகளுக்குப் பழைய விகிதமே கிடைக்கட்டும்.

கமிஷன் மட்டுமில்லை. பொருள் கையிருப்பு தீர்ந்தது, பக்கத்தின் முகவரி மாறியது, விலை ஏறியது, புதிய மாடல் வந்து பழையது நிற்கிறது. ஒவ்வொன்றும் பார்ட்னரின் பழைய கட்டுரையைச் செல்லாததாக்குகிறது. மாதம் ஒருமுறை நான்கைந்து வரியில் இந்த மாற்றங்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு எந்த நியூஸ்லெட்டரும் தேவையில்லை. சலுகை விற்பனை வருகிறதென்றால் மூன்று வாரம் முன்பே சொன்னால்தான் அவர் வீடியோ எடுக்க முடியும். முந்தைய நாள் இரவு பேனர் அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

படி 9: சந்தேகம் வந்தால், முடித்துக்கொள்ள நேர்ந்தால்

ஒரு பார்ட்னரின் எண்கள் திடீரென்று எகிறினால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். அவருடைய பழைய வீடியோ ஒன்று பரவியிருக்கலாம். முதலில் கேளுங்கள்: "இந்த வாரம் உங்கள் பக்கத்திலிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு பேர் வந்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல முடியுமா?" நேர்மையானவர் மகிழ்ச்சியோடு லிங்க் அனுப்புவார். பதிலே இல்லாமல், கிளிக்குக்கும் வாங்குதலுக்கும் இடையில் எல்லா ஆர்டரிலும் சில நொடிகள்தான் இருக்கிறது என்றாலோ, ஒரே கார்டில் பல ஆர்டர் வந்து எல்லாம் ரத்தானது என்றாலோ, அப்போது கமிஷனை நிறுத்திவைத்து ஆதாரத்தைக் காட்டுங்கள். விளக்கம் தர நாள் குறித்துக் கொடுங்கள்.

பிராண்ட் பெயரில் விளம்பரம் போடுவது போன்ற மீறல்களில் பலவும் தெரியாமல் நடப்பவை. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை அந்த வகை விற்பனைக்குக் கமிஷன் இல்லை, மூன்றாம் முறை வெளியேற்றம் என்று படிகளை விதிகளிலேயே எழுதி வைத்துவிட்டால், நன்றாக விற்கிறவருக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று என்று தடுமாற வேண்டியிருக்காது.

நல்லபடியாகப் பிரிகிறவர்களும் உண்டு. துறை மாறுகிறார்கள், எழுதுவதை நிறுத்துகிறார்கள், உங்கள் போட்டியாளரோடு சேர்கிறார்கள். அவருக்கு வர வேண்டிய நிலுவை, குறைந்தபட்சத் தொகையை எட்டாவிட்டாலும் முழுவதையும் கொடுத்துவிடுங்கள். பதிவு செய்தபோது வாங்கிய வங்கி விவரங்களைச் சட்டம் கேட்கும் காலத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். அவருடைய பழைய கட்டுரைகளில் இருக்கும் லிங்குகளை முடக்கிப் பிழைப் பக்கம் காட்டவிடாமல், அந்தந்தப் பொருள் பக்கத்துக்கே திருப்பிவிடுங்கள். அவர் வாசகர்கள் இன்னும் அந்த லிங்குகளைக் கிளிக் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.